கல்லுக்கும் பொருந்தோணும்

எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில "பிரபஞ்சத்தின் 12 விதிகள்" எண்டு ஒரு நீட்டு மெசேஜ் எத்தினையாந்தரமோ சுத்துது, ஒவ்வொரு தரமும் வேற வேற ஆள் போடுறாங்க, ஆனா மேல இருக்கிற ஊதா நட்சத்திரப் படம் மட்டும் மாறல்ல. நினைக்கிறதே நடக்கும், குடுத்தது திரும்பி வரும், பிரபஞ்சத்திட்டக் கேட்டா அது தரும், அப்பிடியே போகுது. கடைசியாப் போட்டது மாமி. கீழ எனக்கெண்டு தனியா ஒரு வரி: "மனே நீ பிசிக்ஸ் படிச்ச ஆள்தானே, இதெல்லாம் உண்மையா?" குரூப்பில பதில் எழுதினா பெரியம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில நான் மாட்டுப்படுவன், அதால இஞ்ச எழுதுறன்.

கேள்வி நல்ல கேள்விதான். இருக்கிற எல்லாத்துக்கும், ஒண்டு விடாம, பொருந்துற விதி எண்டு ஏதும் இருக்கா? இதுக்கு நான் வைக்கிற சோதனை ஒண்டே ஒண்டு. கல்லுக்கும் பொருந்தோணும். அத்திவாரத்துக்குக் கொண்டு வந்து கொட்டின கருங்கல்லுக்கும், வாவியில ஓடுற றாலுக்கும், தயிர்ச்சட்டிக்கும், போன் டவருக்கும், சூரியனுக்கும், இன்னும் ஒருத்தரும் காணாத ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்தோணும். நல்லதே நினைச்சா நல்லதே நடக்கும் எண்டத அந்தக் கருங்கல்லிட்டச் சொல்லிப் பாருங்க. அது நினைக்கவே நினைக்காது. அப்ப அது மனுசருக்குச் சொல்லுற புத்திமதி, நல்ல புத்திமதியாக் கூட இருக்கலாம், ஆனா பிரபஞ்ச விதி எண்டு அதுக்குப் பேர் வைக்க ஒண்ணா. மாமியின்ட 12-ல ஒம்பதோ பத்தோ இந்த இடத்திலயே கழண்டுடும்.

சரி அது லேசான கழிவு. கஸ்டமானது என்னெண்டா, படிச்ச ஆக்கள் மேடையில சொல்லுற பெரிய வசனங்களும் இதில விழுந்துடுது. "எல்லாம் மாறும், மாறாதது மாற்றம் ஒண்டுதான்." கேக்க நல்லாத்தான் இருக்கு, செத்த வீட்டிலயும் சொல்லுறாங்க கலியாண வீட்டிலயும் சொல்லுறாங்க. ஆனா எங்கட மட்டக்களப்பில கல்லடிப் பாலத்துக்குக் கீழ ஓடுற தண்ணிய எடுங்க, அதில இருக்கிற ஐதரசனின்ட கரு பிரபஞ்சம் தொடங்கின நேரத்திலயே உண்டானது, கிட்டத்தட்ட 1,380 கோடி வருசம், இன்னும் அப்பிடியே இருக்கு, தேயல்ல, நரைக்கல்ல, ஒரு கீறல் இல்ல. அந்தக் கருதான் புரோத்தன், அது எப்பவாவது உடையுமா எண்டு பாக்க ஜப்பானில ஒரு மலைக்குக் கீழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில 50,000 தொன் தண்ணிய ஒரு தாங்கியில நிரப்பி வச்சுக்கொண்டு 1996-ல இருந்து காத்துக்கொண்டு இருக்கிறாங்க, சூப்பர் கமியோகாண்டே எண்டு பேர். ஒண்டு கூட உடைஞ்சதாக் காணல்ல. அதில இருந்து அவங்க கணக்குப் பாத்துச் சொன்னது, அவங்க முக்கியமாத் தேடுற வழியில புரோத்தன் உடையுறதெண்டா அதின்ட ஆயுள் 1-க்குப் பின்னால 34 சைபர் போட்ட வருசத்துக்கும் மேல இருக்கோணும். இலத்திரனும் அப்பிடித்தான். உங்கட மூக்குத்தியில இருக்கிற இலத்திரனையும் வியாழனில இருக்கிற இலத்திரனையும் மாத்தி வச்சா உலகத்தில ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது. மாறுறது, சேர்ந்து உண்டான பொருள்கள். வீடு, மரம், மனுசன், மலை. அடியில கிடக்கிறதுகளுக்கு அந்த வசனம் பொருந்தல்ல.

மறுகா இன்னொண்டு, "அண்டத்தில் உள்ளதே பிண்டம்". இத வச்சு யூடியூபில அணுவும் சூரிய குடும்பமும் ஒரே மாதிரி எண்டு படம் கீறிக் காட்டுறாங்க. படம் வடிவு. ஆனா இலத்திரன் கோள் மாதிரி உண்மையாச் சுத்திக்கொண்டு இருந்தா பழைய விதிப்படி அது ஒளியா சக்திய விட்டு விட்டு ஒரு செக்கனின்ட பத்தாயிரம் கோடிப் பங்கில ரெண்டு பங்குக்குள்ளயே கருவில போய் விழுந்துடும், மாமியின்ட மெசேஜ் மட்டுமில்ல மாமியும் இருக்க மாட்டா. அணு வேற சாமான், அங்க வேற கணக்கு. அளவு மாறினா ஆட்டமும் மாறும் எண்டத கலிலியோ 1638-லயே எழுதி வச்சிட்டார்: ஒரு மிருகத்த நீளம், அகலம், உயரம் மூண்டிலயும் ரெண்டு மடங்காக்கினா நிறை 8 மடங்கு, ஆனா காலின்ட குறுக்குவெட்டு 4 மடங்குதான். ஆனை ராவைக்கு எங்கட பக்கம் வயலுக்குள்ள இறங்கிப் போன காலடிய விடிய ஒருக்காப் பாத்தவங்களுக்கு இத விளக்கத் தேவையில்ல, அந்தக் கால் ஏன் தூண் மாதிரி இருக்கு, எறும்பின்ட கால் ஏன் நூல் மாதிரி இருக்கு. எறும்ப ஆனை அளவுக்குப் பெருப்பிச்சா நடக்காது, தன்ட பாரத்திலயே முறிஞ்சு கிடக்கும். அப்ப சின்னதில இருக்கிறது பெருசிலயும் அப்பிடியே இருக்கும் எண்டது விதி இல்ல.

இப்ப தேறுறதப் பாப்பம்.

முதலாவது, சும்மா கேட்டா ஒரு விசயமாவே தெரியாது: விதி எல்லா இடத்திலயும் ஒண்டு. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆக்கள் நம்பினது வானத்துக்கு ஒரு சட்டம் மண்ணுக்கு ஒரு சட்டம் எண்டுதான். நியூட்டன் 1687-ல அந்த வேலிய உடைச்சார், அதின்ட கணக்கு ஓ லெவல் பிள்ளையும் செய்யலாம், நான் ஒவ்வொரு தரமும் செய்து பாக்கிறப்போ எனக்கு மயிர் கூச்செறியும். சந்திரன் பூமியின்ட நடுவில இருந்து பூமி ஆரையின்ட 60 மடங்கு தூரத்தில இருக்கு. ஈர்ப்பு தூரத்தின்ட வர்க்கத்தால குறையுமெண்டா இஞ்ச தேங்காய் விழுற ஆர்முடுகல், அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 9.8 மீட்டரால கூடுறது, அந்த 9.8-அ 3,600-ஆல பிரிக்கோணும், 0.0027 வருது. இப்ப இத மறந்திட்டு, சந்திரன் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில 27.3 நாளில ஒருக்கா சுத்துது எண்டத மட்டும் வச்சு அதின்ட ஆர்முடுகலக் கண்டுபிடிங்க. 0.0027. தேங்காயும் சந்திரனும் ஒரே சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டு விழுது, சந்திரன் விழுந்துகொண்டே பக்கவாட்டில ஓடுறதால வந்து சேரல்ல, அவ்வளவுதான்.

மறுகா 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அதப் பாக்க பிரான்சில இருந்து ஜான்சன் எண்ட ஆள் ஆந்திராப் பக்கம் குண்டூருக்கு வந்து சூரியனின்ட விளிம்பு வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தார். அதே வருசம் இங்கிலாந்தில லொக்கியரும் பாத்து, அதில வாற ஒரு மஞ்சள் கோடு பூமியில தெரிஞ்ச எந்த மூலகத்துக்கும் உரியது இல்ல எண்டு முடிவெடுத்து ஈலியம் எண்டு பேர் வந்தது. 27 வருசம் ஒருத்தரும் அத பூமியில காணல்ல. 1895-ல ராம்சே யுரேனியம் உள்ள ஒரு கனியத்த அமிலத்தில போட்டார், வந்த வாயுவில அதே மஞ்சள் கோடு, அதே இடத்தில. இண்டைக்கு பர்த்டே பலூனுக்கு அடிக்கிற வாயு, முதல்ல சூரியனில கண்டுபிடிச்சது.

இடத்துக்குச் சரி, காலத்துக்கு? அதுக்கும் ஒரு சாட்சி இருக்கு, ஆபிரிக்காவில காபொன் நாட்டில ஒக்லோ எண்ட இடம். 1972-ல அங்கத்த யுரேனியத்தில 235 எண்ட வகை 0.720 வீதம் இருக்க வேண்டியதுக்கு 0.717 தான் இருக்கு எண்டு பிரான்சில பிடிச்சாங்க, அந்தத் துக்கடா வித்தியாசத்த விடாம தோண்டிப் பாத்தா, 200 கோடி வருசத்துக்கு முன்ன அந்த மண்ணுக்குள்ள நிலத்தடித் தண்ணி பட்டு தானா ஒரு அணு உலை ஓடியிருக்கு. மிச்சம் கிடந்த சாம்பலின்ட கணக்கு இண்டைக்கு எங்களுக்குத் தெரிஞ்ச அணுக்கரு விதிகளோட அச்சொட்டாப் பொருந்துது. அப்பயும் இதே விதிதான்.

"ஓம் விதி எல்லா இடத்திலயும் ஒண்டு, அதுக்கென்ன" எண்டு கேப்பீங்க. நானும் ஏ லெவல் படிக்கேக்க சக்திக் காப்பு, உந்தக் காப்பு, கோண உந்தக் காப்பு எண்டு, அதாவது சக்தி, உந்தம் (நிறைய வேகத்தால பெருக்கினது), கோண உந்தம் (சுழலுறதின்ட உந்தம்) ஒவ்வொண்டின்டயும் மொத்தம் மாறாது எண்ட விதிகள், மூண்டையும் மூண்டு தனிப் பாடமாத்தான் மனப்பாடம் பண்ணினன், சேரும் அப்பிடித்தான் போர்டில எழுதினார். இந்த மூண்டுக்கும் பின்னால எமி நோதர் எண்ட ஒரு மனுசி இருக்கிறது பிறகுதான் தெரிய வந்தது. ஜேர்மன்காரி, கணிதம் படிச்சவ, 1882-ல பிறந்தவ, 1915-ல கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டாங்க, ஆனா பொம்பிளை எண்டதால சம்பளம் இல்ல, பாடம் அவ எடுக்கிறது, அறிவித்தல் பலகையில பேர் அங்கத்த பெரிய கணிதப் பேராசிரியர் ஹில்பெர்ட்டின்ட. 1918-ல அவ வெளியிட்ட தேற்றம் சொல்லுறது இதுதான். கல்லடியில செய்த பரிசோதனை கல்முனையிலயும் அப்பிடியே நடக்குமெண்டா, உந்தம் காக்கப்பட்டே ஆகோணும். இண்டைக்குச் செய்தது நாளைக்கும் அப்பிடியே நடக்குமெண்டா, சக்தி காக்கப்பட்டே ஆகோணும். மேசைய கிழக்கால திருப்பி வச்சாலும் மேற்கால திருப்பி வச்சாலும் விடை ஒண்டெண்டா, கோண உந்தம். விதி எல்லா இடத்திலயும் எல்லா நேரத்திலயும் ஒண்டு எண்ட அந்த "அதுக்கென்ன" விசயத்துக்குள்ள இருந்துதான் மூண்டும் வருது! 1933-ல நாசிகள் அவவ வேலையால நிப்பாட்டினாங்க, அமெரிக்காவுக்குப் போய் 1935-ல, 53 வயசில மோசம் போயிட்டா. ஐன்ஸ்டைனின்ட படம் இல்லாத சயன்ஸ் லேப் எங்கட பக்கம் இல்ல, நோதரின்ட படம் இருக்கிற ஒண்ட நான் இன்னும் காணல்ல.

சக்திக் காப்பு எண்ட உடன எங்கட பெரியப்பா ஒரு நாளும் விட மாட்டார், "உள்ளது போகாது, இல்லது வாராது எண்டு சைவ சித்தாந்தம் முதலே சொல்லிட்டு" எண்டு. சொல்லித்தான் இருக்கு, மறுக்கல்ல, அந்த வசனத்தின்ட கட்டும் அழகும் எனக்கும் பிடிக்கும். ஆனா எவ்வளவு உள்ளது, எவ்வளவு போகல்ல எண்டு அளந்து காட்டுறது வேற சோலி. மான்செஸ்டருக்குப் பக்கத்தில சல்போர்டில ஒரு பியர் காய்ச்சுற குடும்பத்தில பிறந்த ஜூல், 1840-களில பாரம் இறங்க இறங்க தண்ணிக்குள்ள ஒரு துடுப்புச் சில்லு சுத்துற மாதிரிச் செய்து, தண்ணி எவ்வளவு சூடாகுது எண்டு அளந்து அளந்து பாத்தவர். இண்டைய கணக்கில தண்ணி 427 மீட்டர் உயரத்தில இருந்து விழுந்தா 1 பாகை சூடாகும். தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர், அப்ப மேல இருக்கிற தண்ணிய விட கீழ விழுந்த தண்ணி, ஆவியாகிறது காத்தோட போறது எல்லாத்தையும் விட்டுப் பாத்தா, அரைப் பாகை சூடு கூட. போய்க் குளிக்கிற ஒருத்தருக்கும் அது விளங்காது, நடுங்கிக்கொண்டுதான் வருவாங்க. ஆனா அந்த அரைப் பாகை அங்க இருக்கு, அது சித்தாந்தத்தில இல்ல.

இன்னொரு விதி, என்ட மனசுக்கு எல்லாத்திலயும் பெருசு. வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில, தயிர் போடுற வீட்டுக்குப் போனா, எருமைப் பால அகலப் பாத்திரத்தில காய்ச்சி இறக்கி வச்சிருப்பாங்க, மேல ஆடை மெல்லிசா சுருங்கிக் கட்டும், அந்த வீட்டு அம்மா இடைக்கிடை விரல் முனைய வச்சுப் பாப்பா, விரல் சுடவும் கூடாது குளிரவும் கூடாது, அந்தப் பதத்தில உறைமோரக் கலந்து சட்டி சட்டியா ஊத்தி மூடி ஒரு மூலையில அசைக்காம வச்சிடுவா. அந்தப் பாலில இருந்து போன சூடு எங்க? அந்தக் குசினிக் காத்திலதான் இருக்கு. ஒரு துளி அழியல்ல. அப்ப அந்தக் காத்து அந்தச் சூட்டத் திருப்பிக் குடுத்து பால் தானாக் கொதிச்சா சக்திக் காப்பு விதி ஒண்டும் சொல்லாது, கணக்குச் சரிதானே. ஆனா நடக்காது. உறைஞ்ச தயிர் திரும்பிப் பாலாகாது, கறந்த பால் முலை புகாது. இத வேற ஒரு விதிதான் தடுக்குது, வெப்பவியக்கவியலின்ட இரண்டாம் விதி. தானா நடக்கிற எதிலயும் மொத்தத்தில ஒரு கணியம் குறையாது, கூடத்தான் செய்யும் எண்டு அது சொல்லுது, குளோசியஸ் 1865-ல அந்தக் கணியத்துக்கு எந்திரப்பி எண்டு பேர் வச்சார். ஏன் அது கூடிக்கொண்டே போகுது எண்டு சொன்னவர் போல்ட்ஸ்மன்.

அவர்ர யோசனை என்னெண்டா, இயற்கைக்கு ஒழுங்கில கோவம் ஒண்டும் இல்ல, எண்ணிக்கைதான். 10 முழுப் புளியங்கொட்டையும் 10 உரஞ்சின வெள்ளைப் புளியங்கொட்டையும் எடுத்துக் குலுக்கி, மேல பத்துக் குழி கீழ பத்துக் குழி எண்டு போட்டா, எந்த எந்தக் குழியில முழுக்கொட்டை விழும் எண்டதுக்கு 1,84,756 விதம் இருக்கு. மேல பத்தும் முழுக்கொட்டையா விழுற விதம் அதில ஒண்டே ஒண்டு. இருபது கொட்டைக்கே இந்தப் பாடெண்டா ஒரு சட்டிப் பாலில இருக்கிற மூலக்கூறுகளுக்கு யோசிச்சுப் பாருங்க. நடக்க ஏலாது எண்டில்ல, நடக்கிற வழி ஒண்டு, நடக்காத வழி எண்ணி முடியாதது. எந்திரப்பி எண்டது இந்த விதங்களின்ட எண்ணிக்கையின்ட அளவுதான், வியன்னாவில அவர்ர கல்லறையில பேருக்கு மேல அந்தச் சமன்பாடுதான் வெட்டியிருக்கு, S = k log W. இந்த விதி பால் எண்டும் பாக்காது கல் எண்டும் பாக்காது, அதின்ட கைக்குள்ள நட்சத்திரமும் இருக்கு, எங்கட முட்டுக்காலும் இருக்கு.

நடுவில ஒண்டு, இது சரியா விதி இல்ல, ஆனா விட மனசில்ல. ஏணையில பிள்ளைய ஆட்டுறீங்க, பிள்ளை 4 கிலோவா 8 கிலோவா எண்டு ஏணைக்குக் கவலை இல்ல, சேலை தொங்குற நீளம் ஒண்டரை மீட்டர் எண்டா ரெண்டரை செக்கனுக்கு ஒருக்கா போய் வரும், அவ்வளவுதான். கட்டியிருக்கிற தோணி ஆடுறது, பாலம் அதிருறது, மூலக்கூறுக்குள்ள அணுக்கள் துடிக்கிறது எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட அதே சமன்பாடு. காரணம் என்னெண்டா, எந்தப் பள்ளத்தின்ட அடியையும் கிட்டப் போய்ப் பாத்தா வடிவம் ஒண்டுதான், அதால அதிலிருந்து கொஞ்சம் தட்டி விட்டா ஆடுற விதமும் ஒண்டு. நரம்புக்கருவிக்கும் இதேதான், நரம்ப அரைவாசியாக்கினா அதிர்வு ரெண்டு மடங்கு, மூண்டில ரெண்டாக்கினா ஒண்டரை மடங்கு. காரைதீவில 1892-ல பிறந்த விபுலானந்த அடிகள், 1916-ல லண்டன் பிஎஸ்சி எடுத்தவர், சாமியாராயும் இருந்துகொண்டு பழைய தமிழ் யாழின்ட நரம்புகளுக்கு இந்த விகிதங்கள வச்சுக் கணக்குப் பாத்துக்கொண்டு வருசக்கணக்கா இருந்தார். எங்கட பக்கம் அவர சிலையா நிப்பாட்டி மாலை போடுற ஆக்கள் கூட, அந்தக் கணக்குப் பக்கத்தப் பத்திக் கதைக்கிறது குறைவு, அது எனக்கு ஒரு குறை.

சரி இப்ப நான் சொல்ல வந்த விசயம். தேறின விதிகளப் பாத்தா எனக்கு ஒண்டு தெரியுது, எவ்வளவுக்கு எல்லாத்துக்கும் பொருந்துதோ அவ்வளவுக்கு அது எங்களுக்குச் சொல்லுறது குறைவு. மொத்தம் மாறாது. திரும்பி வராது. இங்கயும் அங்கயும் ஒண்டு. அவ்வளவுதான் சொல்லும். மாமியின்ட மெசேஜ் எல்லாத்துக்கும் பொருந்துறன் எண்டும் சொல்லுது, உனக்கு வேலை கிடைக்கும் கலியாணம் சரிவரும் எண்டும் சொல்லுது, அந்த ரெண்டும் ஒரே இடத்தில வராது. நான் அத நம்பாததுக்கு இதுதான் முதல் காரணம்.

மாரியில வாவி நிறைஞ்சு படுவான்கரை வயலும் கரையோர வீடுகளும் தாழத் தொடங்கினா ஆத்துவாய் வெட்டுவாங்க. கடலுக்கும் வாவிக்கும் நடுவில மணல் மூடிக் கிடக்கும், பெக்கோ மெஷின் வந்து ஒரு ஒடுங்கின வாய்க்கால்தான் வெட்டும், மிச்சத்த தண்ணியே பாத்துக்கொள்ளும். முதல்ல கணுக்கால் அளவுக்கு ஓடுது, கொஞ்ச நேரத்தில ரெண்டு பக்க மணலும் துண்டு துண்டா இடிஞ்சு விழ விழ அகலுது, மறுகா பாத்துக்கொண்டு நிண்ட சனம் எல்லாம் ரெண்டு எட்டுப் பின்னால போகோணும், அப்பிடி ஒரு இரைச்சல். தண்ணி பள்ளத்துக்கு ஓடும், சக்தி மொத்தம் மாறாது, போனது திரும்பாது, மூண்டு விதியும் அங்க அச்சொட்டா வேலை செய்யுது. ஆனா எந்த இடத்தில வெட்டுறது, எண்டைக்கு வெட்டுறது, கடல் பொங்கி நிக்கேக்க வெட்டினா மணல் திரும்ப அடைக்குமா, வயல்காரர் சொல்லுற நாளா தோணிக்காரர் சொல்லுற நாளா, அதில ஒரு விதியும் வாய் திறக்காது. அதுக்கு அந்தக் கரையில பிறந்து வளந்த நாலு பேர் வேணும், அவங்களுக்குள்ளயும் ஒத்து வராது.

பொருந்துற இடம் சுருங்கினா விதி கூடுதலாப் பேசும், அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, எங்கட ஆக்களுக்கு அது லேசான கணக்கு இல்ல. அலை நீளம், தண்ணி ஆழத்த விட மிச்சம் பெருசா இருந்தா, அலையின்ட வேகம் ஆழத்த மட்டும் பொறுத்தது. ஆழத்த ஈர்ப்பு ஆர்முடுகலால பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 4,000 மீட்டர் ஆழக் கடலில செக்கனுக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல. கரைக்குக் கிட்ட 10 மீட்டர் ஆழத்தில மணிக்கு 36 கிலோமீட்டர் கூட இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில, சுமாத்திராவுக்குப் பக்கத்தில கடலடி நிலம் நடுங்கி ரெண்டு மணித்தியாலம் போல கழிச்சு ஜேசன் எண்ட செய்மதி வங்காள விரிகுடாவுக்கு மேலால போகேக்க அளந்த அலை 60 சென்டிமீட்டர் அளவுதான், நடுக்கடலில வள்ளத்தில இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது. பிறகு பின்னால வாறது வேகமா, முன்னால போறது மெதுவா, சக்தி போக இடமில்ல, அதால உயருது. இது எந்தக் கடலுக்கும் பொருந்தும், செவ்வாயில கடல் இருந்திருந்தா அங்கயும் பொருந்தும். ஆனா எங்கட நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஒரு ஒடுங்கின மணல் திட்டி, ஓடுறதுக்கு இடமில்லாத இடம் எண்டது அந்தச் சமன்பாட்டில இல்ல. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டதும் இல்ல. இதுக்கு மேல இதப் பத்தி எழுத விருப்பமில்ல.

கடைசியா ஒண்டு, எனக்கு இன்னும் முழுசாச் சீரணிக்கல்ல. எல்லாத்துக்கும் பொருந்துற விதி எண்டு சக்திக் காப்பச் சொன்னன் தானே. அந்த "எல்லாம்" முழுவதையும் ஒரே பொருளா எடுத்தா, அதாவது முழுப் பிரபஞ்சத்துக்கும் எண்டா, அது பொருந்தல்ல! பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயசு இருக்கேக்க வெளிக்கிட்ட வெளிச்சம் இன்னும் வந்துகொண்டு இருக்கு, 1965-ல பென்சியாசும் வில்சனும் அத அறிவிச்சாங்க, அன்டெனா டிவியில சனல் இல்லாட்டி வாற அந்த இரைச்சல் புள்ளியிலயும் ஒரு சின்னப் பங்கு அதுதான். வெளிக்கிடேக்க அது 3,000 கெல்வின் சூடு, இப்ப 2.725 கெல்வின். வெளி விரிய விரிய ஒவ்வொரு அலையும் 1,100 மடங்கு நீண்டு, ஒவ்வொண்டின்ட சக்தியும் 1,100-ல ஒரு பங்காச் சுருங்கிட்டு. மிச்சம் எங்க போச்சு? குசினிக் காத்து மாதிரி ஒரு இடமும் இல்ல. ஒரு இடத்துக்கும் போகல்ல. நோதர் சொன்னத திரும்ப வாசிச்சா காரணம் அங்கயே இருக்கு, இண்டைக்கும் நாளைக்கும் ஒண்டா இருந்தாத்தான் சக்தி காக்கப்படும், விரிஞ்சுகொண்டு இருக்கிற பிரபஞ்சம் நேத்து மாதிரி இண்டைக்கு இல்ல. எங்கட குசினிக்கும் வாவிக்கும் சூரிய குடும்பத்துக்கும் அந்த விரிவு கணக்கிலயே வராது, அதால இஞ்ச விதி அசையாது. பெரியப்பாவிட்ட இத இன்னும் சொல்லல்ல.

இதுக்குள்ள இன்னொரு சிக்கல். விரிவ வேகமாக்குற இருட்சக்தி எண்ட ஒண்டு இருக்கு, ஒரு கன மீட்டர் வெளிக்கு அதின்ட அளவு எண்டைக்கும் மாறாது எண்டு வச்சுத்தான் இவ்வளவு காலமும் கணக்குப் போட்டாங்க. அமெரிக்காவில அரிசோனாவில கிட் பீக் மலையில டெசி எண்ட கருவி இருக்கு, 5,000 சின்ன ரோபோக்கள் ஒவ்வொண்டும் ஒரு இழைய ஒரு விண்மீன் கூட்டத்துக்கு நேர திருப்பிப் பிடிக்கும். ஒன்றரைக் கோடிக்குக் கிட்ட பொருள்கள அளந்து 2025 மார்ச்சில அவங்க வெளியிட்ட முடிவுப்படி, அந்த மாறிலி மாறுற மாதிரித் தெரியுது, காலம் போகப் போக பலம் குறையுதாம். கூடச் சேர்க்கிற தரவைப் பொறுத்து 2.8 சிக்மாவில இருந்து 4.2 வரைக்கும் வருது, சிக்மா எண்டது முடிவு சும்மா தற்செயலா வந்ததா இருக்காது எண்டதுக்கு ஒரு அளவு, கூடக் கூட உறுதி கூட, கண்டுபிடிச்சிட்டம் எண்டு சொல்ல 5 வேணும். பிசிக்ஸில 3, 4 வரைக்கும் வந்து மறுகா ஆவியாப் போன கதைகளும் கிடக்கு, அதால அடுத்த தரவு வரும் வரைக்கும் நான் எந்தப் பக்கமும் பந்தயம் கட்டல்ல.